டொரண்டோவிலிருந்து வரும் 120 வோல்ட் ட்யூப் அம்ப் கிட்டைக் கொழும்பில் கட்டலாமா?

வெள்ளவத்தை_ஸ்ட்ரிங்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். கிட்டாருக்கு ட்யூப் அம்ப் ஒன்றைச் சொந்தக் கையால் கட்ட வேண்டும் என்ற ஆசை கன காலமாக இருக்கிறது, இப்போதுதான் ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. டொரண்டோவில் இருக்கிற மச்சான் டிசம்பரில் வருகிறான். அங்கே ஒரு கடையில் 5எஃப்1 சாம்ப் கிட் கழிவு விலையில் போகிறதாம், சூட்கேஸில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்கிறான். ஃபெண்டர் 1950களின் கடைசியில் விற்ற சின்ன அம்ப்பின் சர்க்கிட்தான் அது: முதலில் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்குகிற ரெக்டிஃபையருக்கு ஒரு 5வை3, மூன்றே ட்யூப். வொலியூம் மட்டும், டோன் கூட இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் எனக்கே விளங்குகிறது, அதுதான் துணிவு.

என் பிரச்சினை வேறு. அந்தக் கிட்டில் வருகிற பவர் ட்ரான்ஸ்போமர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். புறக்கோட்டையில் 230ஐ 110 ஆக்குகிற ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கி ஓட்டலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான், வேறொருவன் ட்ரான்ஸ்போமர் எரியும் என்கிறான், இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள்.

என் அனுபவம்: ஃபஸ் பெடல், ஓவர்டிரைவ் பெடல் எல்லாம் சோல்டர் பண்ணியிருக்கிறேன், பிக்கப் மாற்றியிருக்கிறேன், ஆனால் 9 வோல்ட்டுக்கு மேலே கை வைத்ததில்லை. வீடு கடற்கரைப் பக்கம், பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, பிளக் பேஸ் எல்லாம் உருண்டைப் பின். சேர்ச் கொயரில் வாசிப்பேன், மற்றபடி வீட்டில்தான் வாசிப்பு, பெரும்பாலும் ப்ளூஸ். அம்ப்புக்குள்ளே 350 வோல்ட் நிற்கிற கதை அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் மச்சானுக்கே போன் போய்விடும். கட்டலாமா, அல்லது பேசாமல் விடவா?

இரும்புக்கோர்

கட்டலாம். ஆனால் அந்த ட்ரான்ஸ்போமரோடு வேண்டாம்.

உங்கள் இரண்டு நண்பர்களும் பாதிப் பாதி சரி. ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ட்ரான்ஸ்போமரின் இரும்புக் கோருக்குள் ஏறுகிற காந்தப் பாய்வு, கொடுக்கிற வோல்டேஜை ஃப்ரீக்வென்சியால் வகுத்த அளவுக்கு இருக்கும். அங்கே 120ஐ 60ஆல் வகுத்தால் 2. இங்கே அதே 120ஐ 50ஆல் வகுத்தால் 2.4. இருபது வீதம் கூட. தாராளமாகக் கோர் போட்ட ட்ரான்ஸ்போமர் என்றால் அதைத் தாங்கிவிடும், கொஞ்சம் கூடச் சுடும், அவ்வளவுதான். ஆனால் கழிவு விலைக் கிட்டில் வருகிறவை 60 ஹெர்ட்ஸுக்கென்றே அளந்து இரும்பு போட்டவையாக இருக்கலாம், அவை 50இல் காந்தம் நிரம்பிப்போய், மெயின்ஸ் பக்கச் சுற்று கரண்டை இழுத்துத் தள்ளும், உறுமும், கை வைக்க முடியாமல் கொதிக்கும். லேபிளில் 50/60 என்று அச்சிட்டிருந்தால் ஒழிய நம்பாதீர்கள்.

"அப்படியென்றால் 100 வோல்ட் கொடுத்தால் 2 வந்துவிடுமே" என்று ஒருவர் முன்பு என்னிடம் வாதாடியிருக்கிறார். கணக்குச் சரி. ஆனால் ட்யூபைச் சூடாக்குகிற ஹீட்டரின் வோல்டேஜும் அதே விகிதத்தில் 6.3இலிருந்து 5.25க்கு இறங்கும். ஹீட்டருக்கு மேலும் கீழும் பத்து வீதம்தான் அனுமதி, 5.7க்குக் கீழே போகக் கூடாது. ஆக அந்த வழியும் அடைபட்டது.

அதைவிட எனக்குப் பயமான விஷயம் ஒன்று இருக்கிறது. மலிவாக விற்கிற ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பெரும்பாலும் ஓட்டோ ட்ரான்ஸ்போமர், அதாவது வெளிப்பக்கத்தை மெயின்ஸிலிருந்து பிரிக்காத வகை, அவற்றில் பலதுக்கு வெளியே வருகிற சொக்கெட்டில் ஏர்த் ஓட்டையே இல்லை, இருந்தாலும் உள்ளே ஒன்றும் இணைத்திருக்காது. அம்ப்பின் சேசி, அதாவது உலோகச் சட்டம், ஏர்த் இல்லாமல் தொங்கும், உங்கள் கையிலிருக்கிற கிட்டார் கம்பி அந்தச் சேசியோடுதான் இணைந்திருக்கிறது. பாக்கியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மச்சானிடம் சொல்லி அந்தக் கடையிடம் 230/240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்போமராக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கிட் விற்கிற பலர் வெளிநாட்டுக்காரருக்கென்று மாற்றித் தருகிறார்கள். மறுத்தால் ட்ரான்ஸ்போமர் இல்லாத கிட்டாக எடுத்து, ட்ரான்ஸ்போமரைத் தனியாக வாங்கச் சொல்லுங்கள். ஹம்மண்ட் கனடாக் கொம்பனிதானே, பல நாட்டு வோல்டேஜுக்கும் 50/60க்கும் ஏற்ற மாதிரிகள் அவர்களிடம் இருக்கின்றன, அங்கேயே கிடைக்கும். 325-0-325 வோல்ட், 70 மில்லி அம்பியருக்குக் குறையாமல், 6.3 வோல்ட் 2 அம்பியர், 5 வோல்ட் 2 அம்பியர். இந்த நாலு வரியைக் காட்டினால் போதும். அவுட்புட் ட்ரான்ஸ்போமரை மாற்றத் தேவையில்லை, மெயின்ஸ் எத்தனை ஹெர்ட்ஸ் என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

இங்கேயே மோட்டார் சுற்றுகிற கடையில் சுற்றித் தருவார்கள், மலிவும்தான். ஆனால் அவர்கள் கை பழகியது 12 வோல்ட், 24 வோல்ட் வேலைக்கு. 650 வோல்ட் நுனிக்கு நுனி நிற்கிற சுற்றுக்கு ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காப்புத் தாள் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்காவிட்டால் போட மாட்டார்கள். அப்படிச் சுற்றினால் காப்பை அளக்கிற 500 வோல்ட் மெகர் வைத்துச் சுற்றுக்கும் கோருக்கும் நடுவே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மறந்துவிடுவேன், இப்போதே எழுதிவிடுகிறேன். அமெரிக்க வரைபடத்தில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். உங்கள் வீட்டுப் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இங்கே இப்போது விற்கிற கேபிளில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். கிட் புத்தகத்தைப் பார்த்து நிறத்துக்கு நிறம் இணைத்தால் பியூஸும் சுவிட்சும் நியூட்ரல் பக்கம் போய் உட்காரும், சுவிட்ச் ஓஃப் என்றாலும் உள்ளே லைவ் நிற்கும். பியூஸ் மெதுவாக எரிகிற வகை, 230க்கு அரை அம்பியர். 120க்கென்று கிட்டில் வந்த பியூஸை அப்படியே போட வேண்டாம்.

பைலா_பேஸ்

நான் எதிர்க்கட்சி. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கு பணக்காரருடையது. ட்யூப் விலையும் அதே வருடம் ஏறியது, ரஷ்யாவில் சரட்டோவ் ஆலையிலிருந்து வருவது கொஞ்ச காலம் தடைப்பட்டதால். இப்போது கிடைப்பது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா, மூன்று நாட்டுச் சரக்கு. ஒரு 6வி6 செத்தால் பம்பலப்பிட்டிக்கு நடந்துபோய் வாங்க முடியாது, இன்னொரு மச்சான் வர வேண்டும். அந்தக் காசுக்கு, ட்யூப் சத்தத்தை டிஜிட்டலில் போலச் செய்கிற ஒரு மொடலிங் அம்ப் நல்ல நிலையில் செகண்ட் ஹாண்டாக எடுத்து இயர்போன் போட்டு விடிய விடிய வாசிக்கலாம்.

அப்புறம் இந்த அம்ப்பின் 5 வாட்ஸ் என்றால் சின்னது என்று நினைக்கிறீர்களோ தெரியவில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 92 டெசிபெல் தருகிற சாதாரண ஸ்பீக்கர் 5 வாட்ஸில் 99 தரும். அந்த அம்ப் இனிமையாக உடைந்து பாடுவது முழுக்கத் திருகினால்தான், வொலியூமை மூன்றில் வைத்து வாசிக்க எதற்கு ட்யூப்? மூன்றாம் மாடி, ஞாயிறு பின்னேரம், கீழ் வீட்டு அன்ரி. யோசியுங்கள்.

வெள்ளவத்தை_ஸ்ட்ரிங்ஸ்

அன்ரி விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வாசிப்பதைவிடக் கட்டுவதில்தான் ஆசை. இரும்புக்கோர் அண்ணா, கறுப்பு வயர் கதைக்கே உங்களுக்கு ஒரு பிளேன்டீ கடன். மச்சான் கடையில் கேட்டுவிட்டான், கொஞ்சம் மேலதிகக் காசுக்கு 230/240 ட்ரான்ஸ்போமராக மாற்றித் தருகிறார்களாம். இனிச் சாகாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

பழைய_வால்வு

தம்பி, நீங்கள் ட்யூப் என்பதை நாங்கள் வால்வு என்போம், வீட்டுக்கு வீடு வால்வு ரேடியோ இருந்த காலத்தில் திருத்தக் கற்றுக்கொண்டவன் நான். அந்த ரேடியோக்களில் சிலதுக்கு ட்ரான்ஸ்போமரே இல்லை, சேசி நேரே மெயின்ஸில் நிற்கும். அதோடு பார்த்தால் உங்கள் அம்ப் சாது. ஆனால் சாதுவும் கொல்லும், ஆகவே நான் சொல்கிற ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் ஒரு சீரீஸ் பல்ப் செய்யுங்கள், அம்ப்பில் ஷோர்ட் இருந்தால் கரண்ட் கட்டுமீறிப் பாயாமல் தடுக்க. லைவ் வயரை வெட்டி நடுவில் ஒரு பல்ப் ஹோல்டர், அதில் 40 அல்லது 60 வாட்ஸ் பழைய இழை பல்ப், அதைத் தாண்டி அம்ப்பைக் கொழுவ ஒரு பிளக் பேஸ். பல்ப் ஹோல்டரையும் இணைப்பையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், நிலத்தில் கிடந்து உருளக் கூடாது. எல்ஈடியும் சிஎஃப்எல்லும் இதற்கு உதவாது. இழை பல்ப் இப்போது எல்லாக் கடையிலும் இல்லை, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வாங்குகிறவர்கள் இருப்பதால் ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கட்டி முடித்ததும் வால்வு ஒன்றும் போடாமல் இந்தப் பல்ப் வழியே போடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கிவிட வேண்டும். பளிச்சென்று எரிந்துகொண்டே நின்றால் எங்கோ ஷோர்ட், உடனே பிளக்கைக் கழற்றுங்கள். மங்கினால் ஹீட்டர் பின்களில் 6.3 வருகிறதா, 5வை3க்கு 5 வருகிறதா என்று அளந்து பாருங்கள், பல்ப் நடுவில் இருப்பதால் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம்.

அடுத்ததுதான் பலர் விழுகிற இடம். ரெக்டிஃபையர் வால்வை மட்டும் தனியே போட்டு "பி பிளஸ் வருகிறதா பார்ப்போம்" என்று பார்க்கக் கூடாது, பி பிளஸ் என்பது ரெக்டிஃபையர் தருகிற உயர் டிசி வோல்டேஜ். கரண்ட் இழுக்க 6வி6 இல்லாவிட்டால் கப்பாசிட்டர் உச்ச அளவுக்கு ஏறிவிடும், 325ஐ 1.414ஆல் பெருக்குங்கள், 460. கிட்டில் வருகிற கப்பாசிட்டரில் 450 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டாவிட்டாலும், ஓஃப் பண்ணிய பிறகு அந்த 460 இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கும். மற்ற வால்வுகள் இருந்தால் 6வி6 சூடாக இருக்கும்வரை தானே உறிஞ்சி இறக்கிவிடும். ஆகவே மூன்று வால்வையும் சேர்த்தே போடுங்கள், ஸ்பீக்கரையும் கொழுவிவிட்டு. ஸ்பீக்கர் இல்லாமல் இந்த அம்ப்பை ஒருநாளும் போடக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் சுற்றுக்குள் பொறி பாய்ந்து காப்பு ஓட்டையாகும். வால்வுகளோடு போடும்போது பல்ப் முதலில் நன்றாக எரியும், ஹீட்டர் குளிராக இருப்பதால், பயப்பட வேண்டாம், பிறகு மங்கும்.

உள்ளே கை வைக்க முன்பு ஒவ்வொரு முறையும், பிளக்கைக் கழற்றியிருந்தாலும், கப்பாசிட்டரை இறக்குங்கள். 10 கிலோ ஓம்ஸ், 5 வாட்ஸ் ரெசிஸ்டரின் ஒரு காலைக் காப்புள்ள கிளிப் வயரால் சேசியில் கொழுவி, மறுகாலைக் காப்புப் போட்ட நுனியால் கப்பாசிட்டரின் பிளஸில் சில விநாடி பிடித்து, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் விரல். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் பண்ணிப் பொறி காட்டுகிற வித்தையெல்லாம் வேண்டாம். கரண்டோடு அளக்க வேண்டி வந்தால் மைனஸ் நுனியைச் சேசியில் கிளிப்பால் கொழுவிவிட்டு ஒரு கையால் மட்டும் அளவுங்கள், மற்றக் கை பொக்கெட்டில். காலில் செருப்பு. வீட்டில் ஒருவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டி வையுங்கள், அதற்காகவாவது அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும்.

கடற்கரைப் பக்கம் என்றீர்கள். பழைய அமெரிக்க அம்ப்களில் கறுத்த ஃபைபர் அட்டையில் பாகங்களைப் பொருத்துவார்கள், சில கிட்களும் அசலைப் போலவே அந்த அட்டையைத் தருகின்றன. ஈரம் ஏறினால் அட்டையே கரண்ட் கடத்தத் தொடங்கும், வால்வின் கிரிட் பின்னில் வோல்டேஜ் கசியும், கரகரக்கும், ஏன் என்று தெரியாமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வெள்ளவத்தைக் காற்றுக்கு அது சரிவராது. கண்ணாடி நார் அட்டை கேட்டு வாங்குங்கள். சேசியும் அலுமினியம் என்றால் நல்லது, இரும்பு என்றால் நல்ல பூச்சு வேண்டும்.

பல்லியையும் மறக்க வேண்டாம். சூடான இடம், பின்பக்கம் திறந்த பெட்டி, வந்து படுக்கும். ஒரு முறை 350 வோல்ட்டில் பல்லி குறுக்கே விழுந்தால் பல்லியும் போகும், பியூஸும் போகும், மணம் ஒரு கிழமைக்குப் போகாது.

வயரிங்_பாஸ்_மகன்

அம்ப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

உருண்டைப் பின் பேஸில் பெரிய ஓட்டை இருக்கிறது என்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொழும்பில் பழைய மாடிக் கட்டடங்களில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே வராத பேஸ் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வந்தாலும் கீழே ஏர்த் ரொட் துருப்பிடித்துப் போயிருக்கும், கடலோரம் அது இன்னும் விரைவு. லைவும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பதும் சாதாரணம். டெஸ்டரால் எந்த ஓட்டை லைவ் என்று பாருங்கள், பிறகு மீட்டரால் லைவுக்கும் ஏர்த்துக்கும் நடுவே அளவுங்கள், 230க்குக் கிட்ட வர வேண்டும். அது வந்தாலும் ஏர்த் நல்லது என்று முடிவாகாது, மீட்டர் இழுக்கிற கரண்ட் தூசி அளவு. ஏர்த் சோதனைக் கருவி வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்குகிற அடப்டரை அம்ப் இருக்கிற அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

டிரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று தைரியம் சொல்வார்கள். 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் பார்ப்பது லைவில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதை மட்டும். ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் இருக்கிற 350 வோல்ட் தனிச் சுற்று. ஒரு கை அதிலும் மறு கை சேசியிலும் பட்டால் டிரிப் சுவிட்சுக்குத் தெரியவே வராது, அது பேசாமல் இருக்கும். பழைய_வால்வு ஐயா சொன்ன ஒரு கைக் கணக்கு அதற்காகத்தான்.

வெள்ளவத்தை_ஸ்ட்ரிங்ஸ்

இந்தப் பழைய உரையாடலை மேலே தூக்குகிறேன், மன்னிக்கவும். கிட் வந்தது, கட்டியாகிவிட்டது. வயரிங் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்து ஏர்த்தைப் பார்த்ததில் என் அறைப் பேஸுக்கு ஏர்த் வயர் வரவே இல்லை, இப்போது புது லைன் இழுத்தாகிவிட்டது, சதுரப் பின் பேஸும் போட்டாயிற்று. சீரீஸ் பல்ப் சோதனை எல்லாம் ஐயா சொன்ன மாதிரியே நடந்தது. பல்ப்பை எடுத்துவிட்டு நேரே போட்டேன். இரண்டு தொல்லை.

ஒன்று, ஹீட்டர் சூடானதும் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது, காதைப் பொத்த வேண்டும், வொலியூம் பூச்சியத்தில் இருந்தாலும் அதே சத்தம். வயர் நிறங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், உள்ளபடியே இருக்கிறது. இரண்டு, அந்த ஊளைக்கு அடியில் ஒரு உறுமல், 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றினால் ஊளை நிற்கிறது, உறுமல் நிற்கவில்லை.

அளந்தவை: மெயின்ஸ் இரவில் 238, ட்ரான்ஸ்போமரில் 230 முனையில் கொடுத்திருக்கிறேன். முதல் கப்பாசிட்டரில் 352 வோல்ட், 6வி6இன் பிளேட் பின்னில் 345, கதோட் பின்னில் 21, கதோட்டிலிருந்து சேசிக்குப் போகிற ரெசிஸ்டர் 470 ஓம்ஸ். ஹீட்டர் 6.6. கிட்டில் வந்த ஃபில்டர் கப்பாசிட்டர்கள் 16, 8, 8 மைக்ரோபரட், 500 வோல்ட்.

இரும்புக்கோர்

அளந்து எழுதுகிற ஆளுக்குப் பதில் சொல்ல நல்லாயிருக்கிறது.

ஊளைக்கு வொலியூம் பூச்சியம் என்பதுதான் துப்பு. ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம்ஸ் வழியாக 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் பாதிக் கதோட்டுக்கு ஒரு ஃபீட்பேக் வயர் போகிறதல்லவா, அந்த வளையம் முழுக்க வொலியூமுக்குப் பிறகு இருக்கிறது. ஃபீட்பேக், அதாவது திரும்பி வருகிற சிக்னல், எதிராகப் போக வேண்டியது, உங்கள் அம்ப்பில் அசல் சிக்னலோடு சேர்ந்து போகிறது. அவுட்புட் ட்ரான்ஸ்போமரை எந்தத் திசையில் சுற்றி எந்த நிறம் போட்டார்கள் என்பது ஆலைக்கு ஆலை மாறும், உங்கள் மேல் பிழை இல்லை. ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், 6வி6 பக்கத்து நீலம் சிவப்பு வயர்களை மாற்றினாலும் அதேதான், ஆனால் அது 350 வோல்ட் பக்கம், கப்பாசிட்டர் இறக்காமல் தொடக் கூடாது. மாற்ற முன்பு உறுதி வேண்டுமென்றால் 22 கிலோ ஓம்ஸின் ஒரு காலைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள், ஊளை போய்விடும். சிலர் அதைக் கழற்றினபடியே விட்டுவிடுவார்கள், சத்தம் கூடும், கொஞ்சம் முரடாகும், கெடுதல் இல்லை.

இப்போது கணக்கு. 21ஐ 470ஆல் வகுத்தால் 44.7 மில்லி அம்பியர். 6வி6இன் ஸ்கிரீன் பின்னுக்கு ஒரு இரண்டரை போனால் பிளேட்டுக்கு 42. பிளேட்டுக்கும் கதோட்டுக்கும் நடுவே 324 வோல்ட். பெருக்கினால் 13.6 வாட்ஸ், பிளேட் சூடாகத் தாங்க வேண்டியது அது. 6வி6ஜிடிக்குப் பழைய டேட்டா ஷீட் தருகிற எல்லை 12. புதிதாக வருகிற சில 14 தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், தாங்கட்டும், ஆனால் இன்னொரு மச்சான் வரும்வரை ட்யூப் உயிரோடு இருக்க வேண்டுமே. எங்கள் லைன் 230க்கு மேலும் கீழும் ஆறு வீதம் ஆடலாம், ஆகவே ட்ரான்ஸ்போமரை 240 முனைக்கு மாற்றுங்கள், ஹீட்டரும் 6.3க்கு வந்து சேரும். கதோட் ரெசிஸ்டரை 560 ஆக்குங்கள், 5 வாட்ஸ் வகை. திரும்ப அளந்து சொல்லுங்கள்.

பழைய_வால்வு

உறுமலை நான் பார்க்கிறேன். 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் முன்பகுதியை விட்டுவிடலாம். இனி அது 50ஆ 100ஆ என்று காதால் பிரியுங்கள். கிட்டாரில் ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ், அதற்குக் கிட்டச் சுருதி சேர்ந்தால் அது 100, ரெக்டிஃபையருக்குப் பிறகு வருகிற சிற்றலை. அதற்கு ஒரு ஒக்டேவ் கீழே என்றால் 50, ஹீட்டர் அல்லது ட்ரான்ஸ்போமர்.

100 என்றால் இரண்டாவது கப்பாசிட்டரை, 6வி6 ஸ்கிரீனுக்குப் போகிற 8ஐ, 22 ஆக்குங்கள், 500 வோல்ட். முதலாவதைத் தொட வேண்டாம், 20ஐச் சுற்றி இருக்கட்டும். இன்று 100 மைக்ரோபரட் சின்னதாக, மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே போடுகிறார்கள், ஒவ்வொரு முறை போடும்போதும் 5வை3 அதை நிரப்ப வேண்டும், அதற்காகப் பிறந்த வால்வு அது இல்லை.

50 என்றால் ஹீட்டர் சுற்றுக்கு நடுமுனை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், ஹீட்டரின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்று, சேசிக்கு. ஹீட்டர் வயர் இரண்டையும் முறுக்கியிருக்கிறீர்கள்தானே? ஒற்றை 6வி6 அம்ப்பில் உறுமல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இரண்டு அவுட்புட் வால்வு எதிரும் புதிருமாக நின்றால் தங்களுக்குள் வெட்டிக்கொள்ளும், இங்கே வெட்ட ஆளில்லை.

வெள்ளவத்தை_ஸ்ட்ரிங்ஸ்

ஸ்பீக்கர் வயரை மாற்றினேன், ஊளை போயே போய்விட்டது. உறுமல் மூன்றாம் ஃப்ரெட்டோடு சேர்ந்தது, 22 போட்ட பிறகு, வாசிக்காமல் பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கிறது. 240 முனை, 560 ஓம்ஸ்: பிளேட் 335, கதோட் 22. என் கணக்கில் பதினொன்றரை வாட்ஸ்.

சத்தம் பற்றி என்ன சொல்ல. வொலியூம் பாதியைத் தாண்டினால் மெல்ல மெல்லக் கனிகிறது, அடிக்கிற கைக்கு ஏற்ற மாதிரி அதுவும் திருப்பிக் கதைக்கிறது. பைலா_பேஸ் அண்ணா சொன்ன அன்ரி ஒரு தடவை மேலே வந்தார். ஆனால் என்ன பாட்டு என்று கேட்கத்தான்.

இப்போது கிட்டோடு வந்த 8 அங்குல ஸ்பீக்கர் ஒரு காட்போட் பெட்டியில் நிற்கிறது. கேபினெட்டுக்கு என்ன மரம்?

பைலா_பேஸ்

சரி சரி, தோற்றுவிட்டேன். மொரட்டுவைக்குப் போங்கள், தேக்கு என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம், தூக்கவே முடியாது. அமெரிக்கர்கள் பைன் போட்டார்கள், காரணம் அது லேசு, மலிவு. இங்கே லுனுமிதெல்ல கேளுங்கள், அதுவும் லேசு. உளுக்காமல் இருக்க மருந்தடித்த பலகையா என்று பாருங்கள். முன்பலகை மட்டும் பிளைவூட் போதும். பெட்டி மூலைகளை ஆணியால் அடிக்க விடாதீர்கள், பல் வெட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வாசிக்கிற ஈ ஸ்ட்ரிங்குக்குப் பெட்டியும் சேர்ந்து தாளம் போடும். 6வி6க்கு மேலே காற்றுக்கு இடம் விடுங்கள், பின்பக்கம் சின்னக் கண் கம்பி வலை, ஐயா சொன்ன பல்லிக்கு.

அடுத்த முறை மச்சான் வரும்போது எனக்கும் ஒரு கிட் சொல்லி வையுங்கள், 240 முனையோடு.